பாவமன்னிப்புச் சீட்டா, பலனா?

நம் பள்ளிச் சரித்திரப் புத்தகங்களில் மார்ட்டின் லூதர் பாடத்தில் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று ஒரு சொல் வரும். போப்பாண்டவர் சீட்டு விற்றார், காசு கொடுத்தவருக்குப் பாவம் தீர்ந்தது, லூதர் எதிர்த்தார் என்று நான்கு வரியில் பாடம் முடிந்துவிடும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பாடத்தில் அதற்குச் சொல் ‘ஆந்துல்ஜான்ஸ்’. சாதாரண பிரெஞ்சில் தயவு, தாராளம் என்று அர்த்தம். வாத்தியார் பரீட்சைத் தாளைக் கொஞ்சம் கைதாராளமாகத் திருத்தினால் அதற்கும் இதே சொல்தான். தமிழ்க் கத்தோலிக்கர்களோ இதைப் ‘பலன்’ என்பார்கள். முழுமையாகக் கிடைப்பது ‘பரிபூரண பலன்’.

இந்தச் சொற்களில் திருச்சபைப் போதனைக்கு மிகவும் தள்ளி நிற்பது நம் பாடப்புத்தகச் சொல்தான். பலன் பாவத்தை மன்னிப்பதில்லை. மன்னிப்புக்கு வழி மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும். அதற்கு அப்புறம் மிஞ்சுவதுதான் பலனுடைய விஷயம்.

ஒருவன் கோபத்தில் பக்கத்து வயலில் மாட்டை அவிழ்த்து விட்டான், பயிர் பாழாயிற்று. மறுநாள் போய்க் காலில் விழுகிறான். வயல்காரர், ‘சரி, போகட்டும்’ என்று மன்னித்துவிடுகிறார். மனவருத்தம் தீர்ந்தது, பயிர் திரும்ப முளைத்துவிடுமா? அந்த நஷ்டத்துக்கு அவன் ஏதாவது செய்துதானே ஆகவேண்டும்? பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் இப்படி ஒரு தண்டனைப் பாக்கி நிற்கிறது, அதை இங்கே தவத்தால் தீர்க்கவேண்டும், தீராதது உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீரும் என்பது கத்தோலிக்கப் போதனை. அந்தப் பாக்கியைக் குறைப்பதோ தள்ளுபடி செய்வதோதான் பலன்.

தொடக்கத்தில் இது கடினமான தவத்துக்கு மாற்றாக வந்தது. 1095ல் கிளெர்மோன் சங்கத்தில், புகழுக்காகவோ பணத்துக்காகவோ அல்லாமல் பக்திக்காக மட்டும் ஜெருசலேமை மீட்கப் போகிறவருக்கு அந்தப் பயணமே முழுத் தவமாகக் கணக்கிடப்படும் என்று தீர்மானித்தார்கள். 1300ல் எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். ரோமில் இருப்பவர்கள் முப்பது நாளும் வெளியூர்க்காரர்கள் பதினைந்து நாளும் புனித பேதுரு, புனித பவுல் பேராலயங்களைச் சந்தித்தால் பரிபூரண பலன்.

தள்ளுபடி என்றால் கணக்குப் பார்ப்பவன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த நிதியிலிருந்து? பதிமூன்றாம் நூற்றாண்டில் ஹ்யூக் தெ சேன்-ஷேர் என்ற பிரெஞ்சு தோமினிக்கன் சந்நியாசியும் அவர் காலத்து அறிஞர்களும் சொன்ன பதில்தான் திருச்சபையின் கருவூலம். கிறிஸ்துவின் பாடுகளுக்கு அளவில்லை. தேவமாதாவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியமும் அதோடு சேரும். அது எல்லாருக்கும் பொதுவான செல்வம். அவிஞ்ஞோனில் இருந்த பிரெஞ்சுக்காரப் போப்பாண்டவர் ஆறாம் கிளெமெந்த் 1343ல் இதை ஆணையாகவே எழுதினார். கிறிஸ்துவின் ஒரு துளி இரத்தமே உலகம் முழுவதையும் மீட்கப் போதும், மிகுதியெல்லாம் குறையாத கருவூலமாகப் பேதுருவின் வாரிசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது அதன் சாரம்.

இந்த எண்ணத்தில் அழகு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரும் தனியாகக் கரையேறுவதில்லை, ஒருவர் செய்த நன்மை முன்பின் தெரியாத இன்னொருவருக்கும் உதவும் என்கிறது. ஆனால் கருவூலம் என்று வந்துவிட்டால் சாவி யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வரும்.

பிறகு படிவம் வந்தது. குட்டன்பர்க் காலத்து மைன்ஸ் நகரில் பைபிள் அச்சான அதே சமயத்தில், 1454, 1455 ஆண்டுகளில், பெயரும் தேதியும் எழுத இடம் விட்டுப் பலன் பத்திரங்கள் அச்சாயின. துருக்கியரை எதிர்க்க சைப்ரஸ் அரசருக்கு உதவி திரட்டுவது நோக்கம். அச்சுக்கலை பிறந்தவுடன் செய்த வேலைகளில் ஒன்று அரசாங்க ஆபீஸ் மாதிரிப் படிவம் போட்டது! 1476ல் நான்காம் சிக்ஸ்துஸ், பிரான்சிலுள்ள சேன்த் நகரத்துக் கதீட்ரல் திருப்பணிக்குக் காணிக்கை தருபவர்கள் இறந்தவர்களுக்காகவும் பலன் பெறலாம் என்றார். அது அதிகார விடுதலை அல்ல, மன்றாட்டு முறையில் கிடைக்கும் உதவி என்ற நுட்பமும் ஆணையில் இருந்தது. செத்துப்போன அம்மாவை நினைத்து அழுதுகொண்டு நிற்பவருக்கு அந்த நுட்பமா காதில் விழும்?

விவகாரம் முற்றியது 1517ல். அதற்குச் சில வருஷம் முன்பு, அல்பிரெக்ட் என்ற இளவரசருக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. ஏற்கெனவே மாக்டபர்க்கின் பேராயர். மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டுமென்று ரோமுக்குக் கட்டவேண்டிய தொகைக்காக ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். அதை அடைக்கப் பலன் வசூலில் பாதி அவருக்கு, மீதிப் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்ட என்று ஏற்பாடு. பிரசங்கம் செய்தவர் டெட்ஸெல் என்ற சந்நியாசி. கூடவே ஃபுக்கர் வங்கியின் ஆளும் போனார்.

அல்பிரெக்ட் பெயரில் வந்த வசூல் விதிகளை ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அரசர்களுக்கும் பேராயர்களுக்கும் 25 தங்க கில்டர், அதற்குக் கீழே அந்தஸ்துப்படி குறைத்துக்கொண்டே வரும் விகிதம். பணமில்லாத ஏழைகள் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் பலன் பெறலாம், மோட்சம் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இன்னொரு விதியும் உண்டு. இறந்தவர்களுக்காகப் பெட்டியில் காசு போடுகிறவர் மனஸ்தாபப்படவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ தேவையில்லை. எனக்குப் பட்டவரையில், போதனை காகிதத்திலேயே பிசகிய இடம் இதுதான். மனம் திரும்பவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது காசும் ரசீதும்தானே?

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆபீஸில் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஆணையில் எழுதியிருப்பது ஒன்று, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர் புரிந்துகொள்வது இன்னொன்று. வசூல் இலக்கு என்று ஒன்று வந்துவிட்டால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரும் அந்தத் தவறான புரிதலைத் திருத்தமாட்டார்.

லூதர் கண்டது அதைத்தான். விட்டன்பர்க் இருந்த சாக்சனி எல்லைக்குள் டெட்ஸெல் நுழைய அதன் ஆட்சியாளர் அனுமதிக்கவில்லை. அதனால் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய்ப் பத்திரம் வாங்கி வந்தார்கள். 1517 அக்டோபர் 31 அன்று லூதர் தம் 95 கருத்துகளை அல்பிரெக்டுக்கே அனுப்பினார். அவற்றில் அவர் பலனை அடியோடு மறுக்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பது பலன் வாங்குவதைவிட மேல் என்றார். திருச்சபையின் மெய்யான கருவூலம் சுவிசேஷமே என்றார். ஒரு கேள்வியும் இருந்தது. காசுக்காக ஆத்துமாக்களை விடுவிக்க முடியுமானால், அன்புக்காகப் போப்பாண்டவர் எல்லாரையும் ஏன் ஒரே நாளில் விடுவிக்கக்கூடாது? இது பாமர ஜனங்கள் கேட்கிற கேள்வி என்றே அவர் எழுதியிருக்கிறார். மறு வருஷம் ஆக்ஸ்பர்க்கில் கர்தினால் கயெத்தான் அந்த 1343 ஆணையைக் காட்டித்தான் அவரைப் பணியச் சொன்னார். லூதர் பணியவில்லை.

திருச்சபையும் பிறகு திருத்திக்கொண்டது. திரெந்து சங்கம் 1563 டிசம்பரில் பலன் பயனுள்ளதே என்று உறுதிசெய்து, அதன்பேரில் நடந்த பண ஆதாயத்தை ஒழிக்கச் சொன்னது. 1567ல் ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு சேர்ந்த பலன்களை ரத்து செய்தார். பழைய ஜெபப் புத்தகங்களில் ‘300 நாள் பலன்’ என்று போட்டிருக்கும். அது உத்தரிக்கிற ஸ்தலத்து நாள்கணக்கு என்று நினைத்தவர்கள் பலர். உண்மையில் ஆதித் திருச்சபையில் 300 நாள் தவம் செய்வதற்குச் சமம் என்பதே பொருள். 1967ல் ஆறாம் பவுல் அந்த நாள்கணக்கையே எடுத்துவிட்டார்.

2025 யூபிலி ஆண்டிலும் ரோமின் திருக்கதவு வழியாக யாத்திரிகர்கள் பரிபூரண பலன் தேடிப் போனார்கள். நிபந்தனைகள் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, போப்பாண்டவரின் கருத்துகளுக்காக ஜெபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்றில்லாத மனம். கட்டணம் இல்லை. கடைசி நிபந்தனையை வாசித்துப் பாருங்கள். எத்தனை பேரால் முடியும்? அந்தக் காலத்து 25 கில்டர் இதைவிட மலிவு.