ஒல்லாந்தர் வாங்கிய காலுறைகளும் தேயிலையாக வந்த கூலியும்

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவன யாழ்ப்பாணக் கோட்டையும் தோம்பும் தேசவழமையுமே. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டவர்கள் என்று பாடப்புத்தகம் அவர்களை நமக்கு அறிமுகப்படுத்தியது. வரி வாங்குபவர்களாகவும் யானைக்கு விலை பேசுபவர்களாகவுமே அவர்களை நாம் அறிவோம். அதே காலத்தில் அதே நாட்டவர் வடகடலின் ஒரு மூலையில், ஏழைப் பெண்கள் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகளை வாங்குவதற்காகக் கோடைதோறும் கரையிறங்கி நின்றார்கள் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்கள் கழிந்த பின்னரே நான் அறிந்தேன்.

அந்த மூலையின் பெயர் ஷெட்லாந்து. ஸ்கொட்லாந்தின் பெருநிலத்துக்கு அப்பால், வட அகலக்கோடு 60 பாகையை ஒட்டி, நூறு வரையிலான தீவுகளும் திட்டுகளும் சிதறிக் கிடக்கும் இடம். மரங்கள் அரிது; காற்று ஓய்வதில்லை. ஜூன் மாத நடுவில் அங்கு இரவு முற்றாக இருட்டுவதில்லை. ஹெரிங் மீன் பிடிக்கும் ஒல்லாந்தப் படகுகள் நூற்றுக்கணக்கில் அந்நாட்களிலேதான் வந்து சேரும். ஜூன் 24, புனித யோவானின் திருநாள், வரும்வரை ஹெரிங் வலை வீசக்கூடாது என்பது ஒல்லாந்து அரசின் கட்டளை. ஆகவே முன்கூட்டியே வந்த படகுகள் பிரெசே என்னும் தீவுக்கும் பெருந்தீவுக்கும் இடைப்பட்ட அமைதியான நீரிணையில் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. ஆண்கள் கரையிறங்கினார்கள். கையில் காசு இருந்தது, செய்வதற்கு வேலை இருக்கவில்லை. கரையில் குடிசைகளும் கூடாரங்களும் முளைத்தன. லேர்விக் என்ற இன்றைய தலைநகரம் அந்தக் கோடைச் சந்தையின் மேல் வளர்ந்த ஊர்தான்.

அச்சந்தைக்குத் தீவின் பெண்கள் கொண்டுவந்த சரக்கு காலுறை. கூடவே கையுறையும் தொப்பியும். குளிர்கடலில் ஈரத்தோடு மல்லுக்கட்டும் மீனவனுக்கு இவற்றைவிட வேண்டியது வேறில்லை. பெண்களுக்குக் கிடைத்தது ஒல்லாந்து நாணயம், அல்லது புகையிலை, ஜின், தூண்டில் போன்ற பொருள்கள். ஒல்லாந்து நாணயங்கள் நெடுங்காலம் அத்தீவுகளில் கைமாறிக்கொண்டிருந்தன.

ஒரு சோடி காலுறையை விற்பனைக்கு ஆயத்தம் செய்வதென்பது ஒரு வருட வேலை. ஷெட்லாந்து ஆடு சிறியது. கோடைத் தொடக்கத்தில் அதன் பழைய உரோமம் தானாகவே கழன்றுவரும். ஆதலால் கத்தரிக்கோலை எடுக்காமல் கையாலேயே பறித்தெடுப்பார்கள். வெட்டுவாய் இல்லாத அந்த இழைக்கு மென்மை அதிகம். பறித்ததைத் தரம் பிரிப்பது அடுத்த வேலை. கழுத்தைச் சூழ்ந்த உரோமமே எல்லாவற்றிலும் நயமானது. அது சால்வைக்கு ஒதுக்கப்படும். முரடானது காலுறைக்கும் உள்ளாடைக்கும் போகும். வெள்ளை, கருமை, சாம்பல், செம்பழுப்பு என்று ஆட்டிலேயே நிறங்கள் இருப்பதால் சாயமில்லாமலே பல வண்ண நூல் கிடைத்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் அவர்களது பேச்சுவழக்கில் தனிப் பெயர் உண்டு. பிறகு மீனெண்ணெய் தடவி, பல்வைத்த இரு பலகைகளுக்கிடையே சிக்கெடுத்து, இராட்டையில் நூற்று, இரண்டு புரியாக முறுக்கி, அதன் பின்னரே பின்னல்.

குளிர்கால இரவுகளில் அயல்வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி இவ்வேலைகளைச் செய்தார்கள். பகலிலும் ஓய்வில்லை. பின்னலூசியை அவர்கள் கம்பி என்றே அழைத்தார்கள். இடுப்பில் ஒரு தோற்பட்டி, அதில் குதிரைமயிர் திணித்த சிறிய திண்டு, திண்டில் துளைகள். வலப்பக்கக் கம்பியின் நுனியைத் துளையில் பொருத்திவிட்டால் நடந்துகொண்டே பின்னலாம். எரிப்பதற்கு விறகில்லாத நாட்டில், சதுப்பிலிருந்து வெட்டியெடுத்த முற்றா நிலக்கரியைக் கூடையில் நிரப்பி முதுகில் சுமந்தபடி, கைகள் பின்னிக்கொண்டிருக்க மைல்கணக்கில் நடந்துவரும் பெண்களின் பழைய புகைப்படங்கள் ஏராளமாக உள்ளன. முதுகில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை. அந்தப் படங்கள் அஞ்சலட்டைகளாகவும் விற்கப்பட்டன. எடுத்தவருக்கு அது விநோதக் காட்சியாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்கலோவே என்ற ஊரில்தான் அப்போது நீதிமன்றம் இருந்தது. கோடைச் சந்தையில் குடியும் சண்டையும் ஒழுக்கக்கேடும் மலிந்துவிட்டதாகக் கூறி, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது அங்கிருந்த குடிசைகளைத் தகர்க்க உத்தரவிட்டது. பெண்கள் காலுறை விற்பதற்காக அந்த நீரிணைக் கரைக்குப் போகக்கூடாது என்றும், விற்க வேண்டுமானால் கணவனையோ மகனையோ அனுப்ப வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் யாருடைய தலையில் விழுகிறது என்பதை வாசகர்கள் அறிவர். சந்தை மட்டும் அடங்கவில்லை. ஊரே அங்கு எழுந்துவிட்டது.

போர்களால் ஒல்லாந்தப் படகுகளின் வருகை குன்றியது. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரக் காலுறையும் வந்து சேர்ந்தது. அந்த நெருக்கடியிலிருந்து பின்னற்காரிகளை மீட்டது சரிகைபோல் துளைகளிட்டுப் பின்னும் மென்சால்வை. அன்ஸ்ட் என்ற வடகோடித் தீவின் பெண்கள் அதில் பேர்பெற்றவர்கள். ஆறடிச் சதுரச் சால்வை சில அவுன்ஸ் நிறைதான் இருக்கும். திருமண மோதிரத்தின் ஊடாக முழுவதையும் இழுத்துவிடலாம். பின்னி முடித்ததும் கழுவி, பீப்பாய்க்குள் கந்தகப் புகையிட்டு வெளுப்பாக்கி, மரச்சட்டத்தில் விளிம்பின் ஒவ்வொரு நுனியையும் நூலால் இழுத்துக் கட்டி உலர்த்த வேண்டும். சட்டத்திலிருந்து கழற்றும்போதுதான் அது விற்பனைப் பொருளாகிறது. இந்தக் கடைசி வேலையை மட்டும் கூலிக்குச் செய்த பெண்கள் லேர்விக்கில் தனியாக இருந்தார்கள்.

இச்சால்வைகளும் நயமான காலுறைகளும் பெருநிலத்தில் பிரபலமடைய உதவியவர்களுள் ஒருவர் ஆர்தர் அண்டர்சன். 1792இல் லேர்விக்கில் பிறந்தவர். 1830களில் ஷெட்லாந்துக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். 1837இல் விக்டோரியா மகாராணிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளை அன்பளிப்புச் செய்தார். இவரை நாம் அறியாவிட்டாலும் இவரது கப்பல்களை நம் பாட்டன்மார் அறிவர். பீ அன்ட் ஓ என்ற கப்பல் கொம்பனியின் நிறுவனர்களுள் இவர் ஒருவர். காலித் துறைமுகத்தையும் பின்னர் கொழும்பையும் தொட்டுச் சென்ற அந்தக் கப்பல்களின் பின்னால் ஷெட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. பத்திரிகையைவிடக் கப்பல் அவருக்கு நல்ல வருமானம் தந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சால்வையின் புகழ் உயர உயரப் பின்னியவளின் நிலை உயர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. காலுறைக் காலத்தில் வாங்குபவன் அவள் எதிரிலேயே நின்றான், பேரம் பேசினாள், கிடைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டாள். சால்வையை வாங்கும் சீமாட்டி இலண்டனிலும் எடின்பரோவிலும் இருந்தாள். இருவருக்கும் நடுவே லேர்விக் கடைக்காரர் வந்தார். அவரிடம் காசு கிடையாது. அதாவது பின்னற்காரிக்குக் கொடுக்கும் காசு கிடையாது. சால்வைக்கு ஈடாகக் கடையிலுள்ள துணி, தேயிலை, ரிப்பன், தையற்சாமான் கொடுப்பார். மாவும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் அந்தக் கடைகளில் கிடைக்காத பொருள்கள்.

பொருட்கூலி முறைபற்றி விசாரிக்க பிரித்தானிய அரசு நியமித்த ஆணைக்குழுவின் சார்பில் வில்லியம் கத்ரி என்ற சட்டத்தரணி 1872 ஜனவரியில் லேர்விக்கில் அமர்ந்தார். கேள்வியும் பதிலுமாக அச்சான அந்தப் பெரிய அறிக்கை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி மீனவரும் நிலப்பிரபுக்களும் பற்றியது. நான் திரும்பத் திரும்ப வாசித்தது பின்னற்காரிகளின் சாட்சியங்களை. ஏன் காசு கேட்கவில்லை என்று கத்ரி வினவுகிறார். கேட்டாலும் கிடைக்காது என்பது தெரிந்ததால் கேட்கவில்லை என்பதே பலரின் விடையாக இருக்கிறது. வீட்டு வாடகை காசாகக் கொடுக்க வேண்டும். கூலியோ துணியாக வருகிறது. ஆகவே தேயிலையை வாங்கிக்கொண்டுபோய் அயலவரிடம் விற்றோ மாற்றியோ மாவு வாங்கினார்கள். உடனே பொருள் எடுக்காதவர்களுக்குக் கடைக்காரர் கைச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அச்சீட்டைக் குறைந்த விலைக்குக் கைமாற்றிக் காசு பார்த்தவர்களும் உண்டு. வயிறு காய்ந்தாலும் உடுப்பு பகட்டாக இருக்கிறதே என்று லேர்விக் பெண்களைப்பற்றிப் பேசிக்கொண்டார்களாம். கூலியே துணி என்றால் உடுப்பு வேறு எப்படி இருக்கும்?

கடைக்காரர்களும் சாட்சியமளித்தார்கள். சால்வையில் தமக்கு இலாபமே இல்லை, கொடுக்கும் பொருளில்தான் இலாபம், காசாகக் கொடுப்பதானால் விலையைக் குறைக்க வேண்டிவரும் என்பது அவர்களின் வாதம். அது முழுப் பொய்யென்று நான் நினைக்கவில்லை. அவர்களும் மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரே சால்வைக்குக் காசு விலை ஒன்றும் பொருள் விலை ஒன்றுமாக இரண்டு விலைகள் இருந்தால், பொருளின் விலையில் ஏதோ ஏற்றப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கறிவு அதிகம் வேண்டாம்.

இதை வாசித்தபோது எங்கள் ஊரில் பனையோலைக் கடகம் இழைத்த என் சின்னம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். வாரம் ஒருமுறை கடகங்களை அடுக்கிக்கொண்டு சந்திக் கடைக்குப் போவார். சீனியும் தேயிலையும் மண்ணெண்ணெயுமாகத் திரும்புவார். மீதி கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் அதை வாங்கிப் பார்த்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

ஷெட்லாந்துப் பெண்களுக்குக் கூலியாக வந்த தேயிலை நம் தேயிலை அல்ல. இலங்கைத் தேயிலையின் முதல் சிறு பொதி, வெறும் 23 இறாத்தல், இலண்டனுக்குப் போனது 1873இல், கத்ரியின் விசாரணைக்கு அடுத்த ஆண்டில்.

1831ஆம் ஆண்டின் சட்டம் பொருட்கூலியைத் தடை செய்திருந்தபோதிலும் அது பின்னற்காரிகளை எட்டவில்லை. அவர்கள் வேலையாட்கள் அல்லர், தம் பொருளை விற்பவர்கள் என்று வாதிட இடமிருந்தது. 1887இன் திருத்தச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. வீட்டிலிருந்து கம்பளிப் பொருள் பின்னி விற்பவருக்கும், ஐந்து பவுணுக்குக் குறைந்த பொருளாயின், விலையைக் காசாகவே கொடுக்க வேண்டும் என்றது. சட்டம் வந்த பின்னரும் பழக்கம் பல வருடங்கள் நீடித்தது. வாங்குபவர் அவர் ஒருவரே என்னும்போது அவருக்கெதிராக யார் சாட்சி சொல்வது?

பின்னர் வந்தது பெயார் ஐல் மோகம். ஷெட்லாந்துக்கும் ஓர்க்னிக்கும் இடையில் கடலில் தனித்துக் கிடக்கும் அச்சிறு தீவின் பெண்கள், ஒரு வரிசைக்கு இரண்டு நிற நூல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோலம் பின்னுபவர்கள். 1588இல் ஸ்பானியக் கடற்படைக் கப்பலொன்று அங்கு உடைந்ததென்றும், அதன் மாலுமிகளே இக்கோலங்களைக் கற்பித்தார்களென்றும் ஒரு கதை உண்டு. கப்பல் உடைந்தது உண்மை. கற்பித்தது கட்டுக்கதை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஏழைப் பெண்ணின் கையில் அழகு பிறந்தால் அதற்கு ஓர் அந்நியத் தகப்பனைத் தேடும் வழக்கம் அங்கும் இருந்திருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வேர்ட் மன்னர், இந்த ஸ்வெட்டரை அணிந்து கோல்ப் ஆடினார். ஊரெல்லாம் அதையே கேட்டது. கேள்வி பெருகினாலும் நடுவிலிருந்தவர் விலகவில்லை.

அவரைத் தாண்டிப்போகும் வாய்ப்பைத் தந்தது இரண்டாம் உலகப் போர். ஆயிரக்கணக்கான படையினர் ஷெட்லாந்தில் வந்து குவிந்தனர். அவர்களுக்குக் குளிர், அவர்களிடம் சம்பளக் காசு. முகாமிலிருந்து நடந்து வந்து வீட்டுப் படலையில் நின்று கையுறையும் ஸ்வெட்டரும் வாங்கினார்கள். விலை ஏறியது. காசு கையில் விழுந்தது. ஒல்லாந்த மீனவன் நின்ற அதே இடத்தில் இப்போது படைவீரன் நின்றான்.

1970களில் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு ஷெட்லாந்தில் பெரிய முனையம் எழுந்தபோது, ஒரு மணித்தியாலத்துக்கு நல்ல கூலி தரும் வேலைகள் பெண்களுக்கும் கிடைத்தன. பலர் கம்பியைக் கீழே வைத்தார்கள். கையால் பின்னிய ஒரு ஸ்வெட்டருக்கு எத்தனை மணித்தியாலம் செல்கிறது என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் எந்த விலையும் கட்டாது.

இன்றும் விடாமல் பின்னுபவர்கள் இருக்கிறார்கள். கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மண்டபங்களில் தேநீரும் கேக்கும் விற்கும்போது, ஓரத்து மேசைகளில் தொப்பியும் கையுறையும் கையால் நூற்ற நூற்கழிகளும் விலைச்சீட்டுடன் பரப்பி வைக்கப்பட்டிருக்கும். உல்லாசப் பயணக் கப்பல்களும் கோடையில்தான் வருகின்றன. பெரிய கப்பல்கள் நங்கூரமிடுவது, பெண்கள் போகக்கூடாதென்று நீதிமன்றம் தடுத்த அதே பிரெசே நீரிணையில்.