அம்மாவின் பையும் ஒரு பல்கலைக்கழக நூலகமும்

அம்மாவிடம் ஒரு துணிப்பை இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அவர் தோளில் மாட்டிய பை அது. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, கடைசியாக முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் எதையாவது விட்டுவிட்டுத்தான் நகர்ந்தோம். தையல் மெஷின் போனது, சைக்கிள் போனது, பாத்திரங்கள் போயின. பை மட்டும் செட்டிகுளம் முகாம் வரைக்கும் வந்து, இன்று கிளிநொச்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. எங்களுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, எனது ஓ.எல். பெறுபேற்றுத் தாள், முகாமில் தந்த பதிவுத் துண்டு, ஒன்பது புகைப்படங்கள், அண்ணா எழுதிய ஒரு கடிதம். அண்ணாவை 2009 மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை.

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து சித்தி கோல் எடுத்தார். "இங்க ஸ்காபரோ யூனிவேசிற்றி லைப்ரரியில எங்கட ஆக்களின்ர பழைய கடிதம், படமெல்லாம் பாதுகாத்து வைக்கினமாம். அக்காவின்ர பையில இருக்கிறதையும் குடுத்தா என்ன?" என்று கேட்டார்.

அம்மா திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "குடுத்தா திருப்பித் தருவினமோ?"

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. அண்ணாவின் இன்னொரு கடிதமும் இருந்தது. விசாரணை ஒன்றுக்குச் சாட்சியம் சொல்லப் போனபோது, மூலப்பிரதி வேண்டும் என்று சொல்லி அதை வாங்கினார்கள். அது திரும்பி வரவில்லை. எங்கள் கையில் போட்டோக்கொப்பி கூட இல்லை.

அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் தேடத் தொடங்கினேன். தேடியதில் தெரிந்துகொண்டதை, இதேமாதிரிப் பை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஸ்காபரோவில் என்ன நடக்கிறது?

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் 1964இல் தொடங்கப்பட்டது. 1983 ஜூலைக்குப் பின்னர் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பெருமளவில் குடியேறிய இடங்களில் ஸ்காபரோவும் ஒன்று. அந்த வளாகத்தில் தமிழியல் இருக்கை ஒன்றை நிறுவுவதற்காகச் சமூகத்தினர் திரட்டிய நிதி, 2021இல் 30 இலட்சம் கனேடிய டொலர் என்ற இலக்கை எட்டியது.

வளாக நூலகத்தில் ஆவணக் காப்பகப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்குள்ள தமிழ்ச் சேகரிப்புகளில் பலரும் அறிந்தது எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் ஆவணத் தொகுதி. 1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் ஒப்பந்தம் செய்தவர். அந்த இரண்டு ஒப்பந்தங்களும் நிறைவேறவில்லை. ஆனால், அவற்றைச் சுற்றி எழுதப்பட்டவை எங்கே இருக்கின்றன என்பது எங்களுக்கு முக்கியம். அரசின் கோப்புகள் அரசின் பக்கத்தைச் சொல்லும். மற்றப் பக்கத்தைச் சொல்ல மற்றவர்களுடைய தாள்கள் மிஞ்சியிருக்க வேண்டும். இந்தத் தொகுதியின் கணிசமான பகுதியை எண்ணிமப்படுத்தி, தமிழ் விபரங்களுடன் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டே கைபேசியில் பார்க்க முடிகிறது.

இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் 2005ஆம் ஆண்டு முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துடனும் இந்த நூலகம் சேர்ந்து வேலை செய்திருக்கிறது. படங்கள், ஒலிப்பதிவுகள், கடிதங்கள் போன்றவற்றுக்காக நூலகம் நிறுவனம் நடத்தும் 'ஆவணகம்' தளம், ஸ்காபரோ நூலகம் பயன்படுத்தும் அதே திறந்த மென்பொருளின் மீது கட்டப்பட்டது.

புத்தக அடுக்கும் ஆவணப் பெட்டியும்

நூலகம் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது புத்தக அடுக்கு. ஒரு புத்தகம் தொலைந்தால் இன்னொரு பிரதி எங்காவது இருக்கலாம். ஆவணக் காப்பகத்தில் இருப்பவை அப்படியல்ல. ஒரு கடிதத்துக்கு இன்னொரு பிரதி கிடையாது. அதனால் அங்கே வேலை செய்யும் முறையும் வேறு.

ஒருவர் அல்லது ஒரு குடும்பம் சேர்த்து வைத்த தாள்களை ஒரே தொகுதியாக வைத்திருப்பார்கள். கடிதங்களை ஒரு பக்கம், படங்களை இன்னொரு பக்கம் என்று மற்றவர்களுடையதோடு கலக்க மாட்டார்கள். சேர்த்தவர் எந்த ஒழுங்கில் வைத்தாரோ, முடிந்தவரை அந்த ஒழுங்கையும் காப்பாற்றுவார்கள். அம்மாவின் பையில் அண்ணாவின் கடிதம் காணி உறுதிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எதை எதற்குள் வைத்தார் என்பதும் ஒரு தகவல்தான். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் உறையிலும் என்ன இருக்கிறது என்று ஒரு விபரப்பட்டியல் தயாரிப்பார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே கேட்பார்கள். தாள்களை வாசிப்பு அறையில் மட்டும் பார்க்கலாம், வெளியே எடுத்துப்போக முடியாது.

கையளிப்பது ஓர் எழுத்து ஒப்பந்தத்தின் மூலம் நடக்கும். வழமையான ஒப்பந்தத்தில் பொருளின் உரிமை நூலகத்துக்குப் போய்விடும். ஆகவே அம்மாவின் கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்: நன்கொடையாகக் கொடுத்தால் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஆனால், கொடுப்பதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன.

கண்ணாடிப் பெட்டிக்குள் யார்?

பல்கலைக்கழக நூலகங்கள் சேகரிப்பதோடு நிற்பதில்லை. கண்காட்சி வைக்கின்றன, உரைகள் நடத்துகின்றன, மாணவர்களைக் கூட்டிவந்து பெட்டிகளைத் திறந்து காட்டுகின்றன. ஒன்ராறியோ மாகாணம் 2014இலும் கனேடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த மாதத்தில் ஸ்காபரோ வளாகத்திலும் நிகழ்வுகள் நடக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மம்மாவின் ஊரை அறிய அது ஒரு வாசல்.

ஆனால், கண்காட்சி என்பது தெரிவு. நூறு படங்களில் பத்துத்தான் சுவரில் ஏறும். எது ஏறுகிறது, கீழே என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. போரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. ஒரு படத்தில் அண்ணாவோடு நிற்கும் மற்ற இரண்டு பேரும் இன்று உயிரோடு ஊரில் இருக்கலாம். தங்கள் முகம் ரொறன்ரோவில் ஒரு சுவரிலோ, உலகம் பார்க்கும் இணையத்தளத்திலோ வருவதை அவர்கள் விரும்புவார்களா? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்து இன்னும் போகாத நாட்டில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நல்ல காப்பகங்கள் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. குறிப்பிட்ட ஆண்டுகள் வரை மூடி வைக்கச் சொல்லலாம், இணையத்தில் போடாமல் வாசிப்பு அறைக்குள் மட்டும் வைக்கச் சொல்லலாம், பெயர்களை மறைக்கச் சொல்லலாம். நாங்கள் கேட்டால்தான் இவை ஒப்பந்தத்தில் வரும்.

ஒரே இடம் என்ற ஆபத்து

1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. கட்டடத்தைத் திருப்பிக் கட்டினார்கள், அச்சான நூல்களில் பலவற்றைத் திருப்பிச் சேர்த்தார்கள். ஒரே பிரதியாக அங்கே மட்டும் இருந்தவைதான் திரும்பி வரவேயில்லை.

வெளிநாட்டில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்போம். அதிலும் முழு உண்மை இல்லை. பிரித்தானிய நூலகத்தின் 'அழிவுறும் ஆவணங்கள்' திட்டம் உலகின் பல பாகங்களில் எண்ணிமப்படுத்தலுக்கு நிதி கொடுத்துவருகிறது. 2023 ஒக்டோபரில் அந்த நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் எண்ணிமச் சேகரிப்புகளை மாதக்கணக்கில் யாராலும் பார்க்க முடியவில்லை. அந்தத் திட்டத்தின் விதி ஒன்று இங்கே உதவுகிறது. மூல ஆவணம் அதன் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, எண்ணிமப் பிரதி ஒன்று அந்த நாட்டிலும் இருக்க வேண்டும். இலண்டனில் இணையம் படுத்தாலும் ஊரில் ஒரு பிரதி இருக்கும்.

எங்கள் பல்கலைக்கழகத்தையும் மறக்க வேண்டாம். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நூலகமும் இணைய ஆவணக் களஞ்சியம் ஒன்றை நடத்துகிறது. அங்கே கொடுக்கச் சிலர் தயங்குகிறார்கள். 2021 ஜனவரியில் அதே வளவுக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி ஓர் இரவில் இடிக்கப்பட்டதை அவர்கள் நினைக்கிறார்கள். அது மீண்டும் கட்டப்பட்டது என்றாலும் பயம் நியாயமானதே. ஊரில் மட்டும் வைத்தாலும் ஆபத்து, வெளியில் மட்டும் வைத்தாலும் ஆபத்து. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதி இருக்க வேண்டும் என்பதே 1981 எங்களுக்குச் சொன்ன பாடம்.

கொடுப்பதற்கு முன்னர்

இப்போது பரவலாகும் முறை, மூலப்பிரதியை உரிமையாளரிடமே விட்டுவிட்டு எண்ணிமப் பிரதியை மட்டும் பெறுவது. சித்தியிடமும் இதைத்தான் சொன்னேன். யாரிடம் எதைக் கொடுத்தாலும் கேட்க வேண்டியவை:

மூலப்பிரதியைக் கேட்கிறார்களா, ஸ்கேன் பிரதி போதுமா?

நன்கொடையா, பாதுகாப்பில் வைப்பதா? திருப்பிப் பெறும் உரிமை எழுத்தில் இருக்கிறதா?

யார் பார்க்கலாம்? எத்தனை ஆண்டு மூடி வைக்கலாம்? கண்காட்சிக்கு எடுத்தால் எங்களிடம் கேட்பார்களா?

எண்ணிமப் பிரதி ஒன்றை எங்களுக்கும் தருவார்களா? விபரங்கள் தமிழில் இருக்குமா?

பதிப்புரிமை யாருக்கு? தாளைக் கொடுப்பதும் பதிப்புரிமையைக் கொடுப்பதும் ஒன்றல்ல. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, எழுதியவர் வாழும் காலமும் அவர் இறந்து 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் சில விடயங்கள். பழைய படத்தையோ கடிதத்தையோ லெமினேட் பண்ண வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பழுதில்லாமல் பிரிக்க முடியாது. செலோரேப் ஒட்ட வேண்டாம், அது மஞ்சளாகித் தாளைத் தின்னும். பொலித்தீன் பைக்குள் ஈரம் தங்கும், கடதாசி உறை நல்லது. படத்தின் பின்பக்கம் எழுதுவதானால் பேனை வேண்டாம், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். ஸ்கேன் செய்தால் படங்களை 600 டி.பி.ஐ.யில் எடுத்து, ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

அம்மாவின் பதில்

இதையெல்லாம் நான் சொல்லி முடித்த பிறகு அம்மா ஒருநாள் யோசித்தார். அடுத்த நாள் பையை எடுத்து மேசையில் கொட்டினார். படங்களையும் முகாம் துண்டையும் ஸ்கேன் எடுக்கலாம், சித்திக்கும் அனுப்பலாம், ஆனால் மூலப்பிரதி வீட்டை விட்டுப் போகாது என்றார். கடிதத்தைத் தரவில்லை. "அது எனக்கு எழுதினது" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஒன்பது படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. எந்த நூலகமும் அந்தப் பெயர்களை எங்கேயும் தேடி எடுக்க முடியாது, அவை அம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பையைப் பற்றிக் கவலைப்பட்ட நான் இதைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவில்லை.

பிறகு அண்ணாவின் விபரத்துக்கு வந்தோம். நூலகப் பட்டியல்களில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் போடுவது வழக்கம். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின் பின்னர் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அம்மா அதையும் எடுக்கவில்லை, மரணச் சான்றிதழும் எடுக்கவில்லை.

"இரண்டாவதுக்கு என்ன போடுறது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் போடாத."

அப்படியும் எழுதலாம். உயிரோடு இருப்பவர்களுக்குப் பட்டியல்களில் அப்படித்தான் எழுதுவார்கள்: பிறந்த ஆண்டு, ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு வெற்றிடம். நானும் அப்படியே எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார். பிறகு படங்களைத் திரும்பவும் பைக்குள் அடுக்கத் தொடங்கினார்.