ஆற்காடு நவாப் கடனும் காட்டாத வவுச்சர்களும்

சிவில் வழக்கில் ஜெயிப்பது யார்? உண்மை யார் பக்கம் இருக்கிறதோ அவர் என்று சொல்லத் தோன்றும். பல நேரங்களில் அது யார் பெட்டியில் காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எதிராளியின் பெட்டியில் இருக்கும் காகிதத்தை எப்படி வெளியே வரவைப்பது? இந்தக் கேள்விக்குச் சட்டம் கண்டுபிடித்த பதில்தான் 'டிஸ்கவரி'. தமிழில் ஆவண வெளிப்படுத்தல் என்று சொல்லலாம்.

இது வக்கீல்கள் சமாச்சாரம்தானே என்று நினைக்க வேண்டாம். இந்த ஒரு விஷயம் இல்லாமல் போனதால் ஒரு ராஜ்ஜியமே கடனில் மூழ்கிய கதை நம்ம திருச்சியில்தான் ஆரம்பிக்கிறது.

மலைக்கோட்டையில் ஆரம்பித்த கணக்கு

1751ல் ஆற்காடு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். இன்னொருவர் சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்களின் ஆள். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாகிப் முற்றுகை போட்டார். அடுத்த வருடம் நிலைமை தலைகீழாக மாறியது. பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் காவிரியைத் தாண்டிப் போய் ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் பதுங்கினார்கள். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சாவூர்த் தளபதியிடம் அடைக்கலம் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

முகமது அலி ஜெயித்துவிட்டார். அப்போதுதான் ஒரு ரகசியம் வெளியே வந்தது. உதவிக்கு வந்த மைசூர்த் தளவாய் நஞ்சராஜன், "பேசியபடி திருச்சியைக் கொடு" என்று கேட்டார். இப்படி ஒரு வாக்குக் கொடுத்த விஷயத்தை நவாப் கம்பெனியிடம் சொல்லவே இல்லை! கோட்டையைக் கொடுக்காமல், தற்காலிகமாக ஸ்ரீரங்கம் தீவின் வருமானத்தைக் கொடுத்துச் சமாளித்தார். மைசூர்ப் படை பகையாகிப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்தது. மறைத்து வைத்த ஒரு ஒப்பந்தத்தால் திருச்சியைச் சுற்றி இன்னும் சில வருடம் சண்டை நடந்தது.

கடன் மேல் கடன்

கம்பெனிப் படை சும்மா வரவில்லை. போர்ச் செலவு முழுக்க நவாப் கணக்கில் எழுதப்பட்டது. அந்தப் பாக்கியை அடைக்க நவாப் தனி ஆட்களிடம் வட்டிக்கு வாங்கினார். அந்தத் தனி ஆட்கள் யார்? அதே கம்பெனியின் ஊழியர்கள்தான். ஈடாக எழுதிக்கொடுத்தது கிராமங்களின் நிலவரி வருமானம். அதாவது கடன் நவாப் பெயரில், கட்டியது குடியானவன்.

இதில் பெரிய பெயர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் அவர் சம்பளம் வருடத்துக்குச் சில நூறு பவுன். 1776ல் தஞ்சாவூர் ராஜாவுக்கு நாடு திருப்பிக் கொடுக்கப்பட்டபோது இவர் ஓடிவந்து, "தஞ்சாவூர் வருமானத்திலிருந்து எனக்குச் சுமார் 2,34,000 பவுன் வரவேண்டும்" என்று நின்றார். சென்னைக் கவுன்சில் வவுச்சர் கேட்டது. அவர் காட்டவில்லை. நவாப் ஒத்துக்கொள்வார் என்பதுதான் பதில்.

கடன் கொடுத்ததாகச் சொல்பவரும் வாங்கியதாகச் சொல்பவரும் ஒத்துக்கொண்டால் அப்புறம் என்ன பிரச்சினை? பிரச்சினை இருக்கிறது. பணம் கட்டப்போவது மூன்றாவது ஆள். அவனை யாரும் கேட்கவில்லை.

கவர்னர் பிகாட் இந்தக் கோரிக்கையை எதிர்த்தார். தகராறு முற்றி, 1776 ஆகஸ்டில் சொந்தக் கவுன்சில்காரர்களே அவரைக் கைது செய்தார்கள். மறு வருடம் காவலில் இருக்கும்போதே இறந்துபோனார்.

காகிதம் கேட்ட தீர்மானம்

1784ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இந்தியச் சட்டம் கொண்டுவந்தது. நவாப் கடன்கள் எப்படி வந்தன என்று விசாரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கம்பெனி டைரக்டர்களும் விசாரணைக்கு உத்தரவு தயாரித்தார்கள். ஆனால் ஹென்றி டண்டாஸ் இருந்த கட்டுப்பாட்டு வாரியம் அதை மாற்றிவிட்டது. விசாரணை வேண்டாம், கடனை மூன்று வகையாகப் பிரித்துக் கர்நாடக வருமானத்திலிருந்து கட்டிவிடலாம் என்று முடிவு. அதற்கு வருடத்துக்கு ஒதுக்கிய தொகை 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன்.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் பேசிய புகழ்பெற்ற பேச்சு இதைப் பற்றியதுதான். அன்று விவாதத்துக்கு வந்த தீர்மானம் என்ன தெரியுமா? யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. அந்த உத்தரவு சம்பந்தப்பட்ட காகிதங்களைச் சபைக்குக் காட்டுங்கள் என்பதுதான். இன்றைய பாஷையில் ஒரு டிஸ்கவரி மனு! அது தோற்றுப்போனது. பணம் போனது.

இருபது வருடம் கழித்து

1801ல் கம்பெனி கர்நாடகத்தை முழுக்கத் தன் கைக்குக் கொண்டுவந்தது. இப்போது மிச்சக் கடன் கம்பெனியின் தலைவலி. 1805 ஜூலையில் கடன்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, லண்டனிலும் சென்னையிலும் கமிஷனர்களை உட்கார வைத்தார்கள். சத்தியம் வாங்கி விசாரிக்கும் அதிகாரத்தோடு 1806ல் தனிச் சட்டமும் வந்தது.

விளைவைப் பாருங்கள். 1814 நவம்பர் வரை தீர்ப்பான கோரிக்கைகள் சுமார் 2 கோடியே 3 லட்சத்து 90 ஆயிரம் பவுன். அதில் செல்லும் என்று ஏற்றது சுமார் 13 லட்சத்து 46 ஆயிரம் பவுன் மட்டுமே. நூற்றுக்கு ஏழு ரூபாய்கூட நிற்கவில்லை! விசாரணையே வேண்டாம் என்று 1784ல் ஒத்துக்கொண்ட கடனில் எவ்வளவு நிஜம் என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே கர்நாடகம், ஒரே மாதிரிக் கடன்காரர்கள். மாறியது ஒன்றுதான். முதல் தடவை "நம்புகிறோம்" என்றார்கள். இரண்டாவது தடவை "பத்திரத்தைக் காட்டு" என்றார்கள்.

இன்றைய சட்டத்தில்

1908ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11வது ஆர்டர் இதற்காகவே இருக்கிறது. எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேள்விப் பட்டியல் கொடுத்து, அஃபிடவிட்டில் பதில் வாங்கலாம். உன் வசம் என்னென்ன ஆவணம் இருக்கிறது என்று சத்தியப் பிரமாணமாகச் சொல்ல வைக்கலாம். அதைப் பார்வையிட்டு நகல் எடுக்கலாம். கோர்ட் உத்தரவுக்குப் பிறகும் மறைத்தால், வாதியின் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம், பிரதிவாதியின் எதிர்வாதத்தையே அடித்துவிடலாம். 2015ஆம் வருட வணிக நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வணிக வழக்குகளில் தன் கையில் இருக்கும் சம்பந்தப்பட்ட ஆவணங்களை, தனக்குப் பாதகமானதாக இருந்தாலும், ஆரம்பத்திலேயே வெளியிட வேண்டும்.

காமர்ஸ் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது சாட்சியம்தான், ஆனால் அது மட்டுமே ஒருவர் தலையில் கடனைக் கட்டப் போதாது. 1872ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 34வது பிரிவு சொன்னது இது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 28வது பிரிவு. லெட்ஜருக்குப் பின்னால் வவுச்சர் வேண்டும் என்று ஆடிட்டிங் வகுப்பில் சொல்வதும் இதே விஷயம்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா? இல்லை. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு உண்டு. பழைய சட்டத்தில் 126வது பிரிவு, புதியதில் 132. வக்கீலிடம்கூட உண்மை பேச முடியாவிட்டால் யாரும் நல்ல ஆலோசனை பெற முடியாது. ஆனால் சட்டவிரோதக் காரியத்துக்காகப் பேசியது இதில் வராது. நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட ஆலோசகருக்கு 132வது பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று 2025 அக்டோபர் 31ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, சட்டம் மூடி வைக்க அனுமதிப்பது ஆலோசனையைத்தான். கடன் பத்திரத்தையும் கணக்கையும் அல்ல. பென்ஃபீல்டுக்கு இன்று எந்தச் சிறப்புரிமையும் கைகொடுக்காது.

1795ல் இறந்த முகமது அலி திருச்சி நத்தர்ஷா தர்காவில் அடக்கமாகியிருக்கிறார். எதிரி சந்தா சாகிப்பின் சமாதியும் அங்கேதான். அடுத்த முறை அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். இவர்கள் இரண்டு பேரின் சண்டைக்கும், பார்க்காமல் ஒத்துக்கொண்ட கடன்களுக்கும் வரி கட்டிய குடியானவர்களுக்குத்தான் எங்கும் சமாதி இல்லை.