ரம்பம் தின்ற இடம்

ரூட்டர்னு சொன்னதும் வீட்டு மூலையில பச்சை விளக்கு சிமிட்டுற பெட்டி ஞாபகம் வந்தா, நீங்களும் நம்ம பொட்டி தட்டுற கூட்டம்தான் :) இது வேற ரூட்டர். மோட்டார்ல படுவேகமா சுத்துற ஒரு வெட்டுமுனை, மரத்துல பள்ளம் தோண்டும். அதை எங்கே நகர்த்தணும்னு கம்ப்யூட்டர் சொன்னா சிஎன்சி ரூட்டர். இதை வெச்சு இன்லே வேலை செய்யறாங்க. அதாவது ஒரு மரத்துல பள்ளம் வெட்டி, அதே வடிவத்துல வேற நிற மரத்தை வெட்டி உள்ளே உட்கார வைக்கிறது. இந்த மாதிரி ஒரு பெட்டியோட படத்தைக் காட்டினா உடனே யாராவது ஒருத்தர், "மெஷின்தானே செஞ்சது, இதுல என்ன கலை இருக்கு?"ன்னு கேப்பார். எனக்கும் அந்தக் கேள்வி குடைஞ்சுது. பதில் தேடி ஐநூறு வருஷம் பின்னாடி போக வேண்டியதாச்சு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

இன்லேயில இருக்கிற அடிப்படைச் சிக்கல் ரொம்பச் சின்னது. ரம்பத்துக்கு ஒரு தடிமன் இருக்கு. பலகையில ஒரு இலையை அறுத்து எடுத்தா, இலைக்கும் ஓட்டைக்கும் நடுவுல ரம்பம் தின்ற இடம் தூளாப் போயிடும். அந்த முடி அளவு இடைவெளியை என்ன செய்யறது? இந்த வேலையோட மொத்த சரித்திரமும் இந்த ஒரு கேள்விக்குள்ள அடங்கிடும்னு எனக்குத் தோணுது.

15ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர்கள் ரம்பத்தை அதிகம் நம்பவில்லை. கத்திதான். பிடி நீளமான ஒரு கத்தியைத் தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பு பாரத்தையே போட்டுப் பள்ளம் வெட்டினார்கள். துண்டைச் சீவிச் சீவிப் பள்ளத்துக்குப் பொருத்தினார்கள். இதன் உச்சத்தைப் பார்க்கணும்னா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் போகணும். உர்பினோ பிரபு ஃபெடெரிகோ தா மோன்தெஃபெல்த்ரோவுக்காக குப்பியோ அரண்மனையில் 1478-82 வாக்கில் செய்த படிப்பறை முழுசா அங்கே இருக்கு. 1939ல் மியூசியம் வாங்கியது. ஃப்ரான்சிஸ்கோ தி ஜார்ஜியோ மார்ட்டினி வரைந்து, ஜூலியானோ தா மையானோவின் பட்டறையில் செய்தது. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகங்கள், இசைக் கருவிகள், நிழல் விழுந்த பெஞ்சுகள் எல்லாமே தெரியும். கிட்டே போனா தட்டையான சுவர்! வால்நட் பலகைக்குள் பல நிற மரத் துண்டுகள், அவ்வளவுதான். பச்சை நிறம் வேணும்னா சாயத்துக்கு மட்டும் போகாம, ஒரு வகைப் பூஞ்சை பிடிச்சுப் பச்சையான மரத்தையும் தேடிப்பிடிச்சு வெட்டியிருக்காங்க அந்தக் கால இத்தாலிய ஆசாரிகள். இந்தக் கிறுக்குத்தனத்துக்காகவே அவங்களை எனக்குப் பிடிக்கும்.

ஆனா கத்தி வழியில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி போராட்டம். பிரபுக்களுக்குக் கட்டுப்படியாகும். கம்பி மாதிரி மெல்லிய ரம்பம் பரவின பிறகு கணக்கு மாறியது.

இங்கேதான் ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) வர்றார். பாரிஸ்காரர். 1672ல் லூவ்ர் அரண்மனையிலேயே தங்கிப் பட்டறை நடத்த இடம் கிடைத்தது. அவர் பெயரையே ஒரு பாணிக்கு வைக்கும் அளவுக்குப் புகழ். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை, ஆனா உச்சத்துக்குக் கொண்டுபோனது அவர்தான். பித்தளைத் தகடு ஒண்ணு, ஆமை ஓட்டுத் தகடு ஒண்ணு. இரண்டையும் அடுக்கி, மேலே வரைபடத்தை ஒட்டி, சேர்த்து ஒரே அறுப்பு. பித்தளைக் கொடியை ஆமை ஓட்டு ஓட்டைக்குள் வை. மிச்சமிருக்கும் ஆமை ஓட்டுக் கொடியை பித்தளை ஓட்டைக்குள் வை. ஒரே உழைப்பில் இரண்டு மேஜை, ஒண்ணு இன்னொண்ணோட நெகட்டிவ். மன்னருக்கு ஜோடியா வித்துடலாம்! சேதாரமும் இல்லை. எனக்கென்னவோ இது கலை வரலாற்றில் வர்ற மாதிரியே தெரியலை, நல்ல ஆப்டிமைசேஷன் மாதிரிதான் தெரியுது. (1720ல் பட்டறை தீப்பிடித்து, அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஓவியச் சேகரிப்பெல்லாம் எரிந்து போனது தனிச் சோகம்.)

இடைவெளி என்னாச்சு? அது அப்படியே இருந்தது. பசை அடைச்சுக்கும், கருப்பான ஆமை ஓட்டுக்கு நடுவுல கண்ணுக்குப் படாது. ஆனா வெளிர் நிற மரத்துக்குள்ள வெளிர் நிற மரம் பதிச்சா அந்தக் கோடு காட்டிக் கொடுத்துடும். அதுக்கு மரவேலைக்காரங்க கண்டுபிடிச்ச வழிதான் என்னைக் கட்டிப் போட்டது. ரம்பத்தைச் சாய்ச்சுட்டாங்க!

யோசிச்சுப் பாருங்க. இரண்டு தகட்டை அடுக்கி ரம்பத்தைக் கொஞ்சம் சாய்வாப் பிடிச்சுச் சுத்தி அறுத்தா, வெட்டுற துண்டு பாட்டில் கார்க் மாதிரி ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகலா வரும். மேல் தகட்டுத் துண்டைக் கீழ் தகட்டு ஓட்டைக்குள் இறக்கினா, ஒரு தகட்டுக் கனம் இறங்கறதுக்குள்ள பக்கச் சுவர்ல போய் இறுகிக்கும். ரம்பம் தின்ற இடம் காணாமப் போயிடும். கணக்கும் சுலபம்: சாய்வுக் கோணத்தோட சைன், ரம்பத் தடிமனைத் தகட்டுக் கனத்தால வகுத்தா வரும் எண். ரம்பம் 0.3 மிமீ, தகடு 1.5 மிமீ என்றால் 0.2, அதாவது பதினொன்றரை டிகிரி. இஞ்சினியரிங்ல நாலு வருஷம் சைன், காஸ் படிச்சவனுக்கு இப்படி ஒரு உபயோகத்தை யாரும் சொல்லித் தரலை. பழைய ஆசாரிக்கு சைன் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. ஒரு சிதறல் துண்டுல அறுத்துப் பார்த்து, இறுக்கமா, தளர்வான்னு விரல்லயே கண்டுபிடிப்பார்.

இனி ஒரு பெரிய தாவல், மிச்சிகனுக்கு. 1940களின் கடைசி. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் சுழல் இறக்கை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவுக்கு அச்சுத் தகடு துல்லியமா வேணும். ஐபிஎம் பஞ்ச் கார்டு கருவியில் வளைவின் 200 புள்ளிகளைக் கணக்குப் போட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: ஒருத்தர் அட்டவணையைப் பார்த்து எண்களை உரக்கப் படிப்பார், மெஷினின் எக்ஸ் சக்கரத்தை ஒருத்தர், ஒய் சக்கரத்தை இன்னொருத்தர் திருப்புவார். மனுஷங்களே கேபிளா இருந்த முதல் சிஎன்சி! 1949ல் அமெரிக்க விமானப்படை காசு கொடுத்தது, வேலை எம்ஐடிக்குப் போனது, 1952ல் துளையிட்ட நாடாவைப் படித்துத் தானாக ஓடும் மில்லிங் மெஷினை அங்கே காட்டினார்கள். 1959ல் அதற்கென்று எழுதிய ஏபிடி மொழியை அறிமுகம் செய்தபோது, வந்த பத்திரிகைக்காரர்களுக்குப் பரிசா என்ன கொடுத்தாங்க தெரியுமா? மெஷின் கடைஞ்ச அலுமினிய ஆஷ்ட்ரே!

இதே காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேறொரு வழியும் இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைக் கையால் செய்வார், அவர் கை அசைவு காந்த நாடாவில் பதிவாகும், மெஷின் அதையே திரும்பச் செய்யும். டேவிட் நோபிள் 1984ல் எழுதிய 'ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்' புத்தகத்தில், இந்த வழி ஓரங்கட்டப்பட்டதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை, பட்டறை யார் கட்டுப்பாட்டில் இருக்கணும் என்பதும் காரணம் என்கிறார். ஆசாரியோட கையை நாடாவில் ஏத்தறதுக்குப் பதிலா, ஆசாரி தேவைப்படாத நாடா. அந்த நாடாவை எழுதுற பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்குறவன் நான். படிச்சதிலிருந்து கொஞ்சம் உறுத்தல்தான்.

மரத்துக்கு வருவோம். 1992ல் பால் ரீட் ஸ்மித் கிடார் கம்பெனி 'டிராகன்' என்று 50 கிடார் மட்டும் செய்தது. கழுத்து முழுக்க 201 துண்டுகளில் ஒரு டிராகன். அத்தனை சின்னத் துண்டுகளை ஐம்பது முறை ஒரே மாதிரி வெட்ட சிஎன்சி வேண்டியிருந்தது. 2009ல் ஆர்டுயினோவில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு, வீட்டு ஷெட்டுக்குள்ளேயே இந்த மெஷின் நுழைஞ்சது.

நுழைஞ்சதும் பழைய பிரச்சினை வேற வேஷத்தில் வந்தது. ரூட்டர் முனை உருண்டை. 3 மிமீ முனை போகிற பள்ளத்தின் மூலையில் 1.5 மிமீ ஆரம் எப்பவும் மிஞ்சும். ஜி41, ஜி42 என்று முனையின் ஆரத்தைக் கழிச்சுக்கொள்ளும் கட்டளைகள் உண்டு, ஆனா உருண்டையைக் கூர்மையாக்க எந்தக் கட்டளையாலும் முடியாது. நட்சத்திரம் பதிக்கணும்னா துண்டின் நுனி கூரா வரும், பள்ளத்தின் நுனி மழுங்கிக் கிடக்கும். கடைசியில் உளியை எடுக்கணும்.

இதற்கு வந்த தீர்வு வி வடிவ முனை. கூம்பு முனை மூலைக்குப் போகப் போக மேலே ஏறிக்கொண்டே வந்தால், நுனி கூர்மையா முடியும். பள்ளத்தின் சுவர் சாய்வா இருக்கும். பதிக்கிற துண்டை இன்னொரு பலகையில், கண்ணாடி பிம்பமா, எதிர்ச் சாய்வோட வெட்டணும். பள்ளம் 5 மிமீ ஆழம் என்றால், துண்டைத் தன் பலகை மட்டத்துக்கு 4 மிமீ கீழே சரியான அளவு வர்ற மாதிரி கணக்குப் போட்டு, மொத்தம் 6 மிமீ ஆழம் வெட்டுவாங்க. கவிழ்த்து அழுத்தினா 4 மிமீ உள்ளே போய் இறுகும். அடியில் 1 மிமீ பசைக்கு, இரண்டு பலகைக்கும் நடுவில் 2 மிமீ ரம்பம் நுழைய.

சாய்ச்சு வெட்டு, கார்க் மாதிரி இறக்கு. அதேதான்! அந்தக் கணக்கு விரல்லேருந்து ஒரு மென்பொருளின் இரண்டு கட்டங்களுக்குள் இடம் மாறியிருக்கு. அதனால "மெஷின்தானே செஞ்சது"ங்கறவங்ககிட்ட எனக்குப் பாதி சம்மதம், பாதி சண்டை. கை உழைப்பு போனது உண்மை. ஆனா தந்திரம் ஆசாரியோடது, மெஷின் அதை இரவல் வாங்கியிருக்கு. பேர் போடாம இரவல் வாங்கியிருக்குங்கறதுதான் என் குறை.

இன்னொண்ணு. மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பின பலகையை ஜி-கோடுக்குத் தெரியாது. 4 மிமீ போக வேண்டியது மூணுலேயே நின்னுடும். ஒட்டி, ஒரு ராத்திரி கிளாம்ப்பில் வெச்சு, மேல் பலகையை அறுத்துத் தள்ளி, இழைச்சுக் கோடு தெரியற வரைக்கும் பதிஞ்சுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேன்னு கேப்பீங்க. அது தனிப் பதிவு கேக்குது, அடுத்து எழுதறேன்.