தோற்கும்போது காற்பந்து நிர்வாகிகள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?

உங்களுக்குப் பிடித்த குழு தொடர்ந்து தோற்கிறது. நிர்வாகியோ "பசங்க நல்லாத்தான் ஆடினாங்க" என்கிறார். எரிச்சல் வருகிறதா?

பேசாமல் இருக்க அவரால் முடியாது. இங்கிலிஷ் பிரிமியர் லீக் விதிப்படி ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் செய்தியாளர்களிடம் பேசியாகவேண்டும்.

அதை ரசிகர்கள் மட்டுமா கேட்கிறார்கள்? விளையாட்டாளர்களும் உரிமையாளர்களும்தான்.

🔹 "பொறுப்பு என்னோடது": விளையாட்டாளர்களின் நம்பிக்கையைக் காப்பாற்ற.

🔹 "நடுவர் கொடுத்த தீர்ப்பைப் பாருங்க": கவனத்தைத் திசைதிருப்ப.

🔹 "கொஞ்சம் நேரம் கொடுங்க": உரிமையாளர்களுக்கான வேண்டுகோள்.

மனத்தில் பட்டதை அப்படியே சொன்னால்?

2023 மார்ச்சில் 3-1 என்று முன்னணியில் இருந்த டோட்டன்ஹேம், சவுத்ஹேம்ப்டனிடம் 3-3 என்று சமநிலை கண்டது. நிர்வாகி அன்டோனியோ கோன்டே, விளையாட்டாளர்கள் சுயநலக்காரர்கள் என்று சாடினார். 8 நாளில் அவர் குழுவை விட்டுப் பிரிந்தார்.

2025 ஜனவரியில் மென்செஸ்ட்டர் யுனைட்டட்டின் ரூபன் அமோரிம், குழுவின் வரலாற்றிலேயே ஆக மோசமான அணி 'நாங்களாக' இருக்கலாம் என்றார். தம்மையும் சேர்த்துக்கொண்டார். குழு 15ஆம் இடத்தில் முடித்தும் அந்தப் பருவம் முடியும்வரை அவர் பதவியில் நீடித்தார்.

அடுத்த பேட்டியில் 'நாங்கள்' போய் 'அவர்கள்' வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், உள்ளே ஏதோ சரியில்லை!