கரிவாயுப் பேருந்துகளும் குளிர்விப்பானும்

கரிவாயுப் பேருந்து என்பது பெட்ரோலுக்குப் பதிலாக மரக்கரியிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு ஓடிய பேருந்து ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தமிழகச் சாலைகளில் இவ்வகை வண்டிகள் ஓடின. மக்கள் இவற்றைக் கரி பஸ் என்று அழைத்தனர். வண்டியில் பொருத்திய கரி உலை எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் வண்டி இழுக்குமா, திணறுமா என்பதில் உலைக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்த குளிர்விப்பானுக்கும் பெரும் பங்கு இருந்தது. இன்று எஞ்சின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஆற்றும் கூலர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இணைப்பதிலும் எழும் கேள்விகள் பல அன்றே எழுந்தவை.

பெட்ரோல் தட்டுப்பாடு

1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதால், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. பெட்ரோல் பங்கீட்டு முறையில் கொடுக்கப்பட்டது. இருந்த பெட்ரோலிலும் படைத்துறையின் தேவைக்கே முதலிடம். சாலையை மட்டும் நம்பியிருந்த ஊர்களுக்கு இது பெரும் இடர்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் அத்தகைய ஊர்களுள் ஒன்று. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. திருநெல்வேலி–திருச்செந்தூர் இருப்புப்பாதை ஆற்றின் மறுகரையில் செல்கிறது. குரும்பூர் நிலையத்துக்குப் போகவும் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆடி, தை அமாவாசைகளில் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருவோரும் கடைசித் தொலைவைச் சாலை வழியாகவே கடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊருக்குப் பேருந்து வராவிட்டால் மாட்டுவண்டியோ நடையோதான் வழி.

திருக்குறுங்குடியில் பிறந்தவர்

தென்னிந்தியப் பேருந்துத் தொழிலின் முன்னோடியான டி. வி. சுந்தரம் ஐயங்கார் (1877–1955) திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 1912இல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்துக்கு அடித்தளம் இட்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டின்போது அவருடைய நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கரிவாயுக் கருவியை உருவாக்கியது. ஐரோப்பாவில் 1920களிலேயே பிரான்சைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பேர் மரவாயு உலைகளை உருவாக்கியிருந்தார். போர் அந்த நுட்பத்தை உலகெங்கும் பரப்பியது.

வாயு உண்டாகும் முறை

மூடிய உலையில் போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. உலைக்குள் ஈரம் இருந்தால் சிறிதளவு ஐதரசனும் கிடைக்கும். வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைதரசனே. இதைக் காற்றுடன் ஏறக்குறையச் சம அளவில் கலந்து எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். அதனால் சிலிண்டருக்குள் செல்லும் எரிபொருளின் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஏற்றங்களில் வண்டி திணறியதற்கு இதுவே காரணம்.

குளிர்விப்பானின் பணி

உலையிலிருந்து வாயு பல நூறு பாகை வெப்பத்தோடு வெளிவருகிறது. சூடான வாயு விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். 300 பாகை செல்சியசில் 100 லிட்டராக இருக்கும் வாயு 40 பாகைக்கு ஆறினால் ஏறத்தாழ 55 லிட்டராகச் சுருங்கும். எனவே ஆறிய வாயுவே சிலிண்டரை நன்றாக நிரப்பும். ஏற்கெனவே வலுக் குறைந்த எஞ்சினுக்கு இது மிகவும் தேவைப்பட்டது.

அளவைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் வாயு நன்கு ஆறும். ஆனால் அதை இழுக்க எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் வாயு தடையின்றி வரும், ஆனால் ஆறாது.

இணைக்கும் இடமும் முக்கியம். வாயுவிலுள்ள சாம்பலையும் தூசியையும் துணி வடிகட்டி பிடித்தது. மிகவும் சூடான வாயு துணியைக் கருக்கிவிடும். அளவுக்கு மீறி ஆறிய வாயுவில் நீர் கசிந்து துணி நனைந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே துணி வடிகட்டிக்கு முன்பு வாயுவைத் தேவையான அளவுக்கே ஆற்ற வேண்டியிருந்தது. தேங்கும் நீரை வெளியேற்றக் குழாயின் தாழ்ந்த இடத்தில் திறப்பும் தேவைப்பட்டது.

இணைப்பில் இருந்த ஆபத்து

எஞ்சின் ஓடும்போது குழாய்க்குள் உறிஞ்சல் இருப்பதால், இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து வாயுவைக் கெடுக்கும். எஞ்சின் நின்றபின் அதே ஓட்டை வழியாக வாயு வெளியேறும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு உடலுக்கு ஆக்சிசன் செல்வதைத் தடுக்கும். உலையைப் பற்றவைத்துக் காற்றாடியைச் சுற்றி, சாம்பலை அள்ளி, கரி நிரப்பும் ஊழியரே இந்த ஆபத்துக்கு மிக அருகில் இருந்தார்.

போருக்குப் பின்

பெட்ரோல் மீண்டும் கிடைத்தபோது கரி உலைகள் கழற்றப்பட்டன. நாளடைவில் டீசல் பேருந்துகள் பெருகின. வண்டிக்குள் ஆற்ற வேண்டிய பொருள் மாறினாலும் கணக்கு மாறவில்லை. ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் இளகி, உராயும் உலோகங்களைக் காக்கும் படலம் மெலியும். அளவுக்கு மீறி ஆறினால் கெட்டியாகி ஓட்டம் குறையும். அதனால்தான் ஆயில் ஓரளவு சூடான பிறகே கூலருக்குள் விடும் தெர்மோஸ்டாட் பல வண்டிகளில் உள்ளது. தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள பல வண்டிகளில் கியர் ஆயில் ரேடியேட்டருக்குள் இருக்கும் சிறு கூலர் வழியாகச் சென்று திரும்புகிறது. பாரம் இழுக்கும் வண்டிக்குத் தனிக் கூலர் சேர்க்கும்போது, அதைப் பொதுவாக ரேடியேட்டருக்கு அடுத்து, ஆயில் கியர்பாக்சுக்குத் திரும்பும் வழியில் இணைப்பர். எவ்வளவு ஆற்றுவது, எந்த இடத்தில் ஆற்றுவது, ஓட்டத்துக்கு எவ்வளவு தடை வரும் என்ற மூன்று கேள்விகளும் கரி பஸ்ஸை ஓட்டியவர்கள் எதிர்கொண்டவையே.