மகுடம் யாருக்கு?

பந்தயக் காரோட்டியை விளையாட்டு வீரர் எனலாமா? ஓடுவது கார்; அவரோ அமர்ந்திருக்கிறார்; இதில் உடலின் பங்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திர யுகத்தின் ஐயம் போலத் தோன்றினாலும் இதன் வேர் பண்டைய கிரேக்கத்தில் இருக்கிறது.

ஒலிம்பியாவில் நான்கு குதிரைத் தேர்ப்பந்தயம் கி.மு. 680இல் சேர்க்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவனுக்கு அங்கே ஒலிவ இலை மகுடம் இல்லை. குதிரைகளின் உடைமையாளரே வென்றவர். மகளிர் களமிறங்க இயலாத அப்போட்டியில் கி.மு. 396இல் ஸ்பார்ட்டாவின் இளவரசி கினிஸ்கா வென்றது இவ்விதியால்தான். டெல்ஃபியில் 1896இல் கிடைத்த புகழ்பெற்ற வெண்கலச் சிலை கடிவாளம் பற்றி நிற்கும் தேரோட்டியுடையது. பீடத்தில் உள்ள பெயரோ அதைக் காணிக்கையாக்கிய ஆட்சியாளன் பொலிசாலஸுடையது. தேரோட்டியின் பெயர் எவருக்கும் தெரியாது.

ரோம் இதை மாற்றியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தேரோட்டி டயோக்ளிஸ் 4257 பந்தயங்களில் 1462இல் வென்றான் என்று அவனைப் போற்றும் கல்வெட்டு எண்ணிச் சொல்கிறது.

இன்றைய ஃபார்முலா ஒன் வளைவுகளில் ஓட்டுநரின் உடல் தன் எடையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விசையைத் தாங்குகிறது. கழுத்துக்கு அது பெருஞ்சுமை. 1991இல் பிரேசில் பந்தயத்தின் இறுதிச் சுற்றுகளை அயர்டன் சென்னா ஆறாவது கியர் ஒன்றைக்கொண்டே ஓட்டி முடித்தார். வென்றவரைக் காரிலிருந்து பிறர் தூக்கி வெளியே எடுக்க வேண்டியிருந்தது. கோப்பையை உயர்த்தவும் அவர் திணறினார்.

நல்ல கார் இல்லாமல் வெற்றி இல்லை என்பது மெய்யே. நல்ல குதிரை இல்லாமலும் வெற்றி இல்லை. ஆயினும் நவீன ஒலிம்பிக்கின் குதிரையேற்றத்தில் பதக்கம் பெறுபவர் உரிமையாளர் அல்லர், ஏறி ஓட்டியவரே. குதிரைக்கு ஒரு நீதி, காருக்கு வேறொரு நீதியா?

கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானது 2005இல். 1961 முதல் வழங்கப்படும் அர்ஜுனா விருதை மோட்டார் பந்தயத்துக்காக முதன்முதலில் பெற்றவர் கௌரவ் கில், ஆண்டு 2019. தேரில் நின்று போரிட்டவனின் பெயர் தாங்கிய விருது, தேரோட்டியைக் கண்டுகொள்ள 58 ஆண்டுகள் ஆயின.